திருப்பிப் போட்ட நாற்காலி

1983 வைகாசி. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவை ஒட்டி நடந்த ஆணழகன் போட்டிக்கு மணியன் பேர் கொடுத்தான். பதினேழு வயது முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி.

ஞாயிறுதோறும் அவன் மார்பை அளப்பது அண்ணன் கண்ணுசாமியின் வேலை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருப்பவன். பலகைக்கும் தம்பிக்கும் ஒரே கணக்குத்தான். சணல் கயிற்றை மார்பில் சுற்றி எடுத்து, பட்டறை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பான்.

"முப்பத்தாறே கால் இஞ்சு, ஒரு நூல் கூட. மூச்ச உட்டுட்டு நில்லுடா, ஏமாத்தாத!"

அப்பா ராசப்பனுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. "ஆறு மாசமா கோழி போடற முட்டையெல்லாம் இவன் வயித்துக்குள்ள போவுது. ஒரு பரிசாச்சும் கொண்டாரட்டும். இல்லீன்னா வர்ற திங்கக்கெழமை பக்கத்தூட்டுச் சின்னுசாமியோட ரிக் லாரில ஏறி, போர் போட ஆந்திராவுக்குப் போவட்டும்" என்றார். ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனால் கர்லாக் கட்டை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அத்தோடு முடிந்தது என்று பொருள். போட்டியைப் பார்க்கத் தான் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா பாவாயிக்கு வேறு கவலை. "அரைமுழத் துணியோட ஊரு முன்னால நிக்கறதுக்கா சாமி இத்தன முட்டை?"

போட்டியன்று மேடைக்குப் பின்னால் கண்ணுசாமி கடலை எண்ணெயை எடுத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஓர் இடம் விடாமல் தம்பிக்குத் தேய்த்தான். பக்கத்தில் நின்ற சங்ககிரிப் பையன், "ஏங்க, தம்பியப் பொரிக்கப் போறீங்களா?" என்றான். மணியனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி நிமிர்ந்து பார்த்தால், முதல் வரிசை ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் அப்பா.

அப்பா முன்னால் அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றதே இல்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கை இரண்டும் தானாகக் கட்டிக்கொள்ளும். இப்போதும் கட்டிக்கொண்டன. தோளும் குனிந்துவிட்டது. ஆறு மாத முட்டை அத்தனையும் அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பதினொண்ணு, கைய எடுங்க தம்பி" என்றது மைக்.

எடுத்தான். மறுபடியும் போய்க் கட்டிக்கொண்டன.

"குளுருதாடா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். "மூச்ச இழுடா!" என்று கண்ணுசாமி ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தான். மணியன் இழுத்தான், கட்டிய கையோடு.

"இன்னும் ஒரு நிமிசம்" என்றது மைக்.

ராசப்பன் எழுந்தார். போகிறார், திங்கட்கிழமை லாரிதான் என்று நினைத்துக்கொண்டான் மணியன். அவர் போகவில்லை. இரும்பு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

எதிரே இரண்டாம் வரிசையில் இருந்தவர் திகைத்துப் போனார். "ஏனுங்க, மேடை அக்கட்டாலைங்க" என்று ராசப்பனின் முதுகுக்குப் பின்னால் கை காட்டினார்.

"தெரியுமுங்க. லைட்டு கண்ணக் கூசுது."

மணியனின் கைகள் பிரிந்தன. ஒரு முதுகுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? பழகிய ஆறு நிலையையும் வரிசை பிசகாமல் செய்தான். கைதட்டல் எழுந்தது. கீழே நடந்ததை அந்த இரண்டாம் வரிசைக்காரரே பிற்பாடு கண்ணுசாமியிடம் சொன்னார்.

"பையன் எப்படி நிக்கறானுங்க?" என்று கேட்டிருக்கிறார் ராசப்பன்.

"தேக்கு மரமாட்ட நிக்கறானுங்க. உங்குளுக்கு வேண்டியவனுங்களா?"

"எங்கூட்டு முட்டையத் தின்னவனுங்க."

பதினாலு பேரில் ஐந்தாம் இடம். ஆறுதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் ராசப்பன் அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு, சின்னவனைப் பார்க்காமல் பெரியவனிடம் சொன்னார்:

"கண்ணுசாமி, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி சின்னுசாமிகிட்டச் சொல்லீரு. நாளையிலிருந்து இதுல நாலு முட்டை வெச்சு இவன்கிட்டக் குடுத்துடு."

"சரிங்கப்பா" என்றான் மணியன், கையைக் கட்டிக்கொண்டு.