ஆம்புலன்ஸில் வந்த நர்ஸம்மா

என் இருபது நாள் மகளுக்கு மூச்சுத் திணறியபோது, மலைமேல் இருக்கும் எங்கள் மாரமங்கலத்திலிருந்து ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுவந்த நர்ஸம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியானவர், கண்ணாடி மூக்கில் சரிந்தபடியே இருந்தது. குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப்பையை அமுக்கியபடி, "மூச்சு வுடு சாமி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைப்பாதை வளைவில் சுற்றுலா வந்தவர்கள் காரைக் குறுக்கே நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிக் கைகூப்பினேன். "ஒரு நிமிஷம்" என்றான் ஒருவன்.

"ஏனுங்க, எதுக்குக் கும்புடறீங்க? பச்சப்புள்ள சாவுதுன்னு கத்துங்க!" என்று வண்டிக்குள்ளிருந்து அவர் சீறினார்.

கத்தினேன். கார் நகர்ந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் மகள் பிழைத்தாள். நர்ஸம்மாவிடம் நன்றி சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க நன்றி? மலை மேலயே புள்ளைங்களுக்கு ஒரு டாக்டரக் கேளுங்க" என்றார், முகம் கொடுக்காமல்.

அந்தக் கோபம், பெற்ற தகப்பனான எனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று இன்றும் புரியவில்லை.