முத்துப்பேட்டைச் சேறு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் வாடகைப் படகு தரைதட்டி நிற்கிறது. கடல்நீர் வடியும் நேரம். இருபக்கச் சேற்றிலும் மரங்களின் மூச்சுவேர்கள் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் கொக்கு எங்களைச் சட்டை செய்யவே இல்லை.

"தண்ணி ஏற ரெண்டு மணி நேரம் ஆகும். பேசாம உக்காருங்க" என்கிறார் படகோட்டி செல்வம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் விவசாயி, முப்பது வருஷமாகச் சேற்றில் நிற்கிறவன். வேட்டியை மடித்துக் கட்டுகிறேன்.

"இறங்கித் தள்ளிட்டா போச்சு."

"வேணாங்க, இது வேற சேறு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிடுகிறேன். வயலில் முழங்காலுக்குக் கீழேயே கெட்டித் தரை வந்துவிடும். இங்கே தொடை வரை போயும் கால் நிற்கவில்லை. படகு விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறேன்.

செல்வம் சிரிக்காமல் கழியை நீட்டுகிறார். "எந்த ஊருங்க நீங்க?"

"மன்னார்குடிப் பக்கம்."

"அப்ப இது வேற சேறு இல்லைங்க, உங்க ஊரு மண்ணுதான். பாமணி ஆறு கொண்டாந்து போட்டது."

"அதான் விடமாட்டேங்குது" என்கிறேன்.

ஒருவழியாக மேலே ஏறி, காலைக் கழுவாமலே, பேசாமல் உட்காருகிறேன்.