தம்பி ஊதாத விசில்கள்

1. மெல்போர்னில் படிக்கும் என் தம்பி, கைச்செலவுக்காகச் சனிக்கிழமைகளில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போகத் தொடங்கினான்.
2. ஒரு உள்ளூர் கிளப் தன் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு டிவியில் அதைப் போட்டேன்.
3. தாராவியில் கடையைத் திறக்கப் போகாமல் அப்பா சோபாவில் உட்கார்ந்தார்.
4. முதல் இடைவேளைக்குள், பெற்ற மகனைக் குருடன் என்றார்.

எந்த விளையாட்டிலும் எந்த நடுவரையும் அப்பா நல்லவிதமாகப் பேசி நான் கேட்டதில்லை. இந்த ஆட்டத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அது ஒரு தடையாக அவருக்குப் படவில்லை.

சண்டையெல்லாம் ஒரு விதியைப் பற்றித்தான். பந்து வைத்திருப்பவனை எதிரணிக்காரன் கட்டிப்பிடித்தால், அதற்குமுன் பந்தை விட்டுவிட அவனுக்கு அவகாசம் இருந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டும். இருந்தும் விடவில்லை என்றால் குற்றம். அவகாசம் எவ்வளவு என்பது நடுவரின் கணிப்பு. அதனால், தன் ஆள் யாரையாவது பிடித்தாலே வேலியோரக் கூட்டம் விசில் கேட்டுக் கத்துகிறது. அப்பாவுக்குத் தனி அணி கிடையாது. இரண்டு அணிக்கும் சேர்த்துக் கத்தினார்.

“ஏல, பந்த வச்சுக்கிட்டு நிக்கான்லா! ஊதுல!”

“அது நம்ம பிள்ள” என்றாள் அம்மா.

“எவன் பிள்ளையா இருந்தா என்ன? அம்பயர்னு வந்துட்டா அம்பயர்தான்.”

ஆட்டம் முடிந்ததும், தம்பியின் தவறுகளைச் சொல்லி அவனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். மைதானத்தில் கார் வரைக்கும் பின்னாலேயே வந்து திட்டியவர்களிடமிருந்து தப்பித்து உட்கார்ந்தவன் அதைக் கேட்டிருக்கிறான். என்னைக் கூப்பிட்டான்.

“அங்கயும் திட்டு, வீட்லயும் திட்டு. பஸ் கரோ, போதும்க்கா. அடுத்த வாரத்தோட விட்டுருதேன்.”

அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. போன் பேசும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் சொல்வான். அதை அப்பாவே கெடுத்துவிட்டார் என்று சொன்னால் அவர் இன்னொரு குரல் பதிவு அனுப்புவார். நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். அதே முறையில் அப்பாவிடம் ஒவ்வொரு நிலைமையாகக் கேட்டுப் பார்த்தேன்.

“ப்பா, ஒருத்தன் குர்லாவுல லோக்கல் ரயில் ஏறுதான். ரெண்டாவது ஸ்டேஷன், செம்பூர்ல இறங்கணும். ஏறுன உடனே கூட்டம் நெருக்கி உள்ள தள்ளிருச்சு. அதுக்கு அடுத்த கோவண்டிலதான் இறங்க முடிஞ்சுது. தப்பு யாரு மேல?”

“அவன் என்னத்தச் செய்வான், பாவம்.”

“இன்னொருத்தன். ரொம்ப முன்னாடி, வடாலாவுலேயே ஏறி ஜன்னல் சீட்டு. போனப் பாத்துக்கிட்டே கோவண்டி போயிட்டான்.”

“அவனுக்கு நல்லா வேணும். எந்திரிக்க நேரம் இருந்துச்சுல்லா?”

“அதான்ப்பா அந்த விதி.”

அப்பா ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு ஆட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அவர் அதிகம் கத்திய இடத்தில் நிறுத்தினேன். பந்து கைக்கு வந்த கணத்திலேயே அந்தப் பையன் மேல் இருவர் விழுந்திருந்தார்கள்.

“இது குர்லாக்காரன்” என்றார். “ஆனா அடுத்தது வடாலா. அத உடக்கூடாது.”

அன்று மாலை தம்பிக்கு அவரே போன் செய்தார். மன்னிப்பு கேட்கவில்லை. “நீ குர்லாவச் சரியாத்தான் பாக்க. வடாலாவ மட்டும் கவனி” என்றார். தம்பிக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டதும் சிரித்துவிட்டான்.

இப்போதும் தம்பி சனிக்கிழமைகளில் ஊதுகிறான். கடை தாமதமாகத் திறக்கிறது. அப்பா டிவியைப் பார்த்துத் திட்டுகிறார், வேலியோரம் நின்று தம்பியைத் திட்டுபவர்களை.