இங்கிலாந்திலிருந்து வந்த ரீமிக்ஸ்

முதலில் சந்தேகப்பட்டது என் தம்பி. ஒரு சனிக்கிழமை காலை ஜெர்மனியின் எசன் நகரில் இருக்கும் தன் வீட்டு நிலவறைக்கு என்னை வரச்சொன்னான். முன்பு நிலக்கரி கொட்டி வைத்த அந்த அறைதான் இப்போது அவனுடைய ஸ்டூடியோ. என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்பிடி இருக்கு?”

“காது கூசுது,” என்றேன்.

“அதுதான். இது அந்தாள் செய்ததில்லை அக்கா. வேற ஆரோ செய்ததை அந்தாளின்ர பேரிலை அனுப்பியிருக்கிறாங்கள்.”

அந்தாள் என்று அவன் சொன்னது இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் ஒரு புரொடியூசரை. ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசைகளைக் கேட்பவர்களிடையே அவருக்குப் பெரிய பெயர். தம்பி பள்ளிக்கூடக் காலத்திலேயே அவருடைய ரீமிக்ஸ்களைத் தேடித்தேடி இசைத்தட்டாக வாங்கியவன். ஒருவர் செய்த பாட்டின் ஒலிகளைத் தனித்தனித் துண்டுகளாக வாங்கி, இன்னொருவர் தன் பாணியில் புதிதாகக் கட்டுவதுதான் ரீமிக்ஸ். அந்த வேலையில் அவருடைய கை மென்மையானது. அடியில் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கனமாக நடக்கும். மேலே ஹை-ஹாட் தாளத்தட்டின் உயர்ந்த ஒலி தூறல் மாதிரி விழும். எவ்வளவு சத்தமாக வைத்தாலும் காதை உறுத்தாது.

தம்பிக்குப் பகலில் லிஃப்ட் திருத்தும் வேலை. மிச்ச நேரமெல்லாம் பாட்டு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இசைத்தட்டு வெளியிடும் ஒரு சின்ன லேபிள் நடத்துகிறோம். இசை அவன் பொறுப்பு. மின்னஞ்சல், அட்டைப்படம், வரி அலுவலகம் எல்லாம் என் தலையில். தம்பியின் பாட்டு ஒன்றை ரீமிக்ஸ் செய்து தருவீர்களா என்று அவருக்கு எழுதியதும் நான்தான். சம்மதம் என்று பதில் வந்த அன்று, தம்பி வேலைத்தலத்திலிருந்து என்னை அழைத்து, தமிழிலும் ஜெர்மனிலும் மாறி மாறிக் கத்தினான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் ஒருமுறை கதைக்கலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார். வீடியோவில் கதைக்கலாமா என்றேன். இணைப்புச் சரியில்லை, எழுதுங்கள் என்றார். கடைசியில் நானே அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினார். அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் போனுக்கு வரமாட்டார் என்றார். பின்னால் ஓர் ஆண்குரல் “யார்? யார் என்று?” என்று எரிச்சலோடு கேட்பது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் பதில் சொன்னதும் அதே குரல் மறுபடியும் “யார்?” என்றது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாரையும் முதல் நாளே நம்புகிற வழக்கம் கிடையாது. இலங்கையிலிருந்து அகதியாக வந்து, ஒவ்வொரு அலுவலகக் கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்குமோ என்று யோசித்து யோசித்துப் பழகிய தாய் தகப்பனின் பிள்ளைகள் நாங்கள். அதனால் தம்பி சொன்னதை நான் அன்றே நம்பிவிட்டேன். இந்தத் தொழிலில் அப்படி நடப்பதும் உண்டு. பெரிய பெயர்க்காரர் மேடையில் நிற்பார். பின்னறையில் இருந்து பாட்டைச் செய்கிறவரின் பெயர் எங்கும் வராது. இப்போது அந்தப் பின்னறையில் மனிதர்கூடத் தேவையில்லை, மென்பொருளே செய்துவிடும் என்கிறார்கள்.

தம்பியிடம் இன்னொரு ஆதாரமும் இருந்தது. அவனுடைய மூலப்பாட்டில் ஒரு கீச்சொலி உண்டு. அவன் திருத்தப் போன ஒரு பழைய லிஃப்டின் கதவு மூடும்போது வந்த சத்தம். அதைப் போனில் பதிவுசெய்து, பாட்டின் பின்னால் மிக மெல்லியதாக, கவனித்துக் கேட்டால் மட்டும் தெரிகிறமாதிரி வைத்திருந்தான். ரீமிக்ஸில் அந்தக் கீச்சொலி வேறு கோலத்தில் வந்திருந்தது. நடுவில் தாளம் முழுதாக நின்றுபோகும் இடம் ஒன்று வருகிறது. மற்ற எல்லா ஒலியும் விலகிவிட, அது மட்டும் தனியே நின்று அலறியது.

“இப்பிடி ஒருத்தன் விட்டுவைப்பானே? கேட்டுப் பாக்காமலே அனுப்பியிருக்கிறாங்கள்,” என்றான் தம்பி.

உண்மையைப் பிடுங்கலாம் என்று நான் ஒன்றும் தெரியாதவள்போல அவருக்கு எழுதினேன். லிஃப்ட் சத்தத்தை நீங்கள் பயன்படுத்திய விதம் தம்பிக்குப் பிடித்திருக்கிறது என்றேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. “எந்த லிஃப்ட்?”

தம்பி அதைப் படித்துவிட்டு மேசையில் ஓங்கி அறைந்தான். “பாத்தியா? நான் அனுப்பின துண்டுகளை அந்தாள் திறந்துகூடப் பாக்கேல்லை.”

அடுத்த மாதம் அவர் எசனுக்கே வருவதாக இருந்தது. மூடப்பட்ட சுரங்கம் ஒன்றின் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து மாலைவரை ஒரு நிகழ்ச்சி. நாங்கள் அவருக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஒலிச்சோதனை நேரத்தில் வந்து சந்திக்கலாமா என்று மட்டும் கேட்டோம். ரீமிக்ஸ் செய்த கோப்பை அவருடைய மடிக்கணினியில் திறந்து காட்டச் சொல்வது தம்பியின் திட்டம். தானே செய்தவரிடம் படிப்படியாகச் சேமித்த பழைய கோப்புகள் இருக்கும். இல்லாவிட்டால் மழுப்புவார்.

அவர் மழுப்பவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவர், மழைச்சட்டையைக் கழற்றாமலே நின்றார். தம்பி கேட்டதும் மகிழ்ச்சியோடு கணினியைத் திறந்தார். எல்லாம் இருந்தது. தம்பி அனுப்பிய துண்டுகள், அவற்றை அவர் வெட்டிய இடங்கள், பிடிக்காமல் கைவிட்ட பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் வேடிக்கையான ஒரு பெயர். பேஸை எப்படிக் கட்டினார் என்று விரலால் காட்டிக் காட்டி விளக்கினார். தம்பியின் முகம் வாடியது. பிடிபடுவார் என்று நினைத்த ஆள் பிடிபடவில்லை.

“இதை ஒருக்கால் பெரிய ஸ்பீக்கரில் போடலாமா?” என்று தம்பி ஆங்கிலத்தில் கேட்டான். அவர் கணினியை மேடைக் கருவியில் பொருத்தினார். தாளம் நிற்கும் இடம் வந்தது. அந்தக் கீச்சொலி மண்டபம் முழுக்கப் பரவியது. ஏணியில் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர் தோளை உயர்த்தி ஒரு காதைப் பொத்தினார்.

“இந்த இடம்,” என்றான் தம்பி. “இதை ஏன் இப்படி வைத்தீர்கள்?”

அவர் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் அலறிக்கொண்டிருக்கும்போதே, “இது எனக்கு மிகவும் பிடித்த இடம். இங்கே ஒன்றுமே இல்லை. முழு அமைதி. அதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன்,” என்றார்.

தம்பிக்குக் கோபம் ஏறியது. அவர் தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் செவிக்கருவி பொருத்தும் கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். காது கேட்கும் அளவைச் சோதித்து, கருவியைத் தெரிவுசெய்து, பொருத்தி அனுப்புவதுதான் என் தொழில். போனுக்கு வராதது, பின்னால் திரும்பத் திரும்பக் கேட்ட “யார்?”, எந்த லிஃப்ட் என்ற கேள்வி எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. மேலே உள்ள உயர்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காத ஒருவர், ஹை-ஹாட் தன் காதில் விழும்வரை மேல் ஒலிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். எல்லாவற்றிலும் உயரத்தில் இருந்த கீச்சொலியும் கூடவே கூடியது அவருக்குத் தெரியவில்லை.

“நிப்பாட்டு. அவர் பொய் சொல்லேல்லை. அவருக்குக் கேக்கேல்லை,” என்றேன் தமிழில்.

“என்ன கேக்கேல்லை?”

“காது. அந்தச் சத்தம் அவற்ற காதுக்குப் போகேல்லை.”

அவர் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னைப் பற்றி என்ன பேசுகிறீர்கள்?”

நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்று, என் தொழில் என்ன, எந்தக் கடையில் வேலை என்று சொன்னேன். இப்போது இந்த மண்டபத்தில் ஒரு கீச்சொலி கேட்டுக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்றவரைப் பார்த்தார். காதைப் பொத்திய கை இன்னும் அங்கேயே இருந்தது.

“ஓ, இதற்காகத்தான் என்னைச் சந்திக்க வந்தீர்களா? எனக்குக் கருவி விற்கவா? அல்லது இதை ஊர் முழுக்கச் சொல்லவா?”

“இரண்டுக்கும் இல்லை.”

“என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்,” என்றார். நான் என்ன சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை என்று தெரிந்தது. அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. நானும் தம்பியும் அன்று காலையிலிருந்து அப்படித்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கணினியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிகழ்ச்சி நடந்தது. அவர் வாசிக்கும்போது மண்டபத்தின் ஒலிப் பொறுப்பாளர் மேல் ஒலிகளை ஒன்றும் சொல்லாமல் இறக்கி வைத்தார். அந்தப் பொறுப்பாளருக்கு இது முதல் தடவை அல்ல போலும். கூட்டம் ஆடியது. தம்பி ஆடாமல் தூணில் சாய்ந்து நின்றான்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்காகக் கடையைச் சாத்தப்போன நேரத்தில், ரொட்டி விற்கும் எதிர்ப்பக்க வெதுப்பகத்தின் வாசலில் அதே மழைச்சட்டை நின்றது. டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எதுவும் எடுக்கவில்லை, பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கதவைப் பூட்டச் சொன்னார். பெயரைக் கணினியில் பதிய வேண்டாம் என்றார். சோதனை அறையில் இருத்தி, ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கீழ் ஒலிகளுக்கு அவருடைய விரல் என்னை முந்திக்கொண்டு அழுத்தியது. மேலே போகப்போக விரல் காத்திருந்தது. பிறகு அசையவே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் நான் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துப் பொறுமையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். சமதரையாகப் போன கோடு ஓரிடத்தில் நேரே கீழே இறங்கியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஸ்டூடியோவில் ஸ்பீக்கரை மாற்றினேன். ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் பாட்டுகளுக்குக் கடைசி மெருகு போடுகிற ஆள் அவற்றைக் கெடுக்கிறான் என்று அவனோடு சண்டை பிடித்தேன், இருபது வருடப் பழக்கம் அதோடு போயிற்று. என் மனைவி வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள் என்றுகூட...” அவர் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “உங்கள் தம்பி வெளியே சொல்வானா?” என்று கேட்டார்.

“நான் சொல்லமாட்டேன். தொழிலிலும் அதற்கு அனுமதியில்லை. அவனிடம் நீங்கள்தான் கேட்கவேண்டும்.”

அன்று பின்னேரமே அவரைத் தம்பியிடம் கூட்டிப்போனேன். தம்பி என்னை ஒருபக்கமாக இழுத்து, “ஓசியிலை என்னைக்கொண்டு வேலை செய்விக்கப் போறார் போலை,” என்றான். ஆனாலும் தன் கதிரையை அவருக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் ரீமிக்ஸை முதலிலிருந்து திறந்தார்கள். அடி ஒலிகளை அவர் பார்த்தார். மேல் ஒலிகள் வரும்போது தம்பி கையைத் தூக்கியும் தாழ்த்தியும் காட்ட, அவர் அதன்படி குறைத்தார். அந்தக் கீச்சொலி என்ன மாதிரி இருக்கும் என்று கேட்டார். தம்பி தன் வாயாலே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். வாயால் போட்ட சத்தம் அவ்வளவு உயரம் போகாததால் அது அவருக்குக் கேட்டது. முதன்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அமைதியான அந்த இடத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, உன் பாட்டில் இருந்ததுபோலவே பின்னால் வை என்றார் அவர்.

யாருக்கும் சொல்லமாட்டேன் என்று தம்பி அவருக்கு வாக்குக் கொடுத்தான். அது அவனுக்குச் சுலபமாக இருக்கவில்லை. இசைத்தட்டு வெளிவந்ததும், மேல் ஒலிகள் உன்னுடைய கைபோல இருக்கிறதே, நீயே செய்துவிட்டு அவர் பெயரைப் போட்டாயா என்று அவனுடைய சிநேகிதன் ஒருவன் பலபேர் முன்னால் கேட்டான். தம்பி வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிநேகிதம் அதோடு முறிந்தது.

பல மாதம் கழித்து அந்தப் புரொடியூசர் ஒரு பேட்டியில் தன் காதைப் பற்றித் தானாகவே சொல்லிவிட்டார். இதை எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, தாராளமாக எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்று பதில் போட்டார். இங்கிலாந்திலேயே கருவி பொருத்திக்கொண்டார். மேடையில் மட்டும் இன்னும் போடுவதில்லையாம்.

சென்ற கிழமை தம்பி வேலைச் சீருடையோடு கடைக்கு வந்தான். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்க வந்தேன், சும்மா எட்டிப் பார்த்தேன் என்றான். பிறகு சோதனை அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இருந்து பாரன்,” என்றேன்.

இருந்தான். பொத்தானை அவசர அவசரமாக அழுத்தினான். பெரும்பாலும் நல்ல காதுதான். மேல் ஒலிகளில் ஓரிடத்தில் மட்டும், இடது காதில், கோடு கொஞ்சம் பதிந்திருந்தது. இத்தனை வருடம் ஹெட்போனோடு இருந்ததற்கு அது அதிகமில்லை. ஆனாலும் அவனிடம் மறைக்க முடியாது. வரைபடத்தைத் திருப்பி வைத்து, அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

தம்பி குனிந்து பார்த்தான். பிறகு இயந்திரத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தான்.

“உந்த மெசினை எப்ப கடைசியாச் சோதிச்சனீங்கள்?” என்று கேட்டான்.