கண்ணாடித் தொட்டியில் உப்பு

நமசிவாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. தென்காசி ரத வீதியில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டுகிற கடை அவனுக்கு. வடகரையிலிருந்து சட்டத்துக்கு மரம் இழைத்துக் கொடுக்கிற சேக் மைதீன் நான். கடை முழுக்க முருகனும் மீனாட்சியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்; நடுவில் இவன் கத்திக்கொண்டிருப்பான். ஆணி வளைந்தால் கத்தல், குழம்பில் புளி கூடினால் கத்தல்.

அறுபத்தோராம் வருசம் அவன் மகள் வள்ளித்தாய் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சிவகிரியிலிருந்து அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்: அப்பா போடுகிற சத்தத்தில் பிள்ளை பெற முடியாது, வரமாட்டேன். தாய்க்காரி கோமதியம்மாள் அழுதாள். இவனோ, "வராட்டா போகச் சொல்லு" என்று அதற்கும் ஒரு கத்துக் கத்திவிட்டு, மிச்சக் கண்ணாடிகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தி மீன் தொட்டி செய்ய உட்கார்ந்துவிட்டான். பேரப்பிள்ளை பார்க்கட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னான். வராத பிள்ளைக்குத் தொட்டி!

ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் சரளைக்கல் அள்ளி வந்து அடியில் பரப்பினான். வேலம்பாசி நட்டான். கெண்டைக்குஞ்சுகளை விட்டான். கொஞ்ச நாளில் சரளை முழுக்க மீன் கழிவும் அழுகிய இலையும். கையை விட்டுக் கழுவினால் பாசி வேரோடு வந்தது.

"சரளைய மேயுத உசுரா ஏதாவது கொண்டாலே" என்றான்.

வயல் நத்தை கொண்டுபோனேன். அது சரளையை விட்டுவிட்டுப் பாசியை மொட்டையடித்தது. என்னைத் திட்டினான். நண்டு கேட்டான். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே? அது நட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டு மீன் வாலையும் கடித்தது. அதற்கும் திட்டு எனக்குத்தான். கடைசியில் எங்கள் ஊர் வாய்க்காலில் இரண்டு பேரும் இறங்கி நின்று, பார்த்துப் பார்த்துப் பொறுக்கினோம். மணலைக் கவ்வித் துப்புகிற அயிரை. உதிர்ந்த இலையைத் தின்னும் கூனி இறால். பிறகு ஊமச்சி, விரல் நகம் அளவே உள்ள கூர் நத்தை. கல்லுக்குள் புதைந்து கிளறிக்கொண்டே போகும்.

சரளை துலக்கிய செம்பு மாதிரி ஆனது. நமசிவாயம் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "வாடா கண்ணு, அங்கன மூலையில கொஞ்சம் கெடக்கு பாரு" என்று ஊமச்சியிடம் பேசுவான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் இறால்கள் சிவந்து செத்துக் கிடந்தன. ஊமச்சிகள் ஓட்டை மூடிக்கொண்டு அசையவில்லை. புதிதாகக் கொண்டுவந்து விட்டேன். அவையும் செத்தன. அவன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது.

"உப்பையாலே போட்டே, துரோகி? கடைக்குள்ள வாரவன் போறவன் நீ ஒருத்தந்தானலே!"

கடைத்தெருவே பார்க்க என் மரத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தான். எத்தனை வருசப் பழக்கம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிட்டு இவன் மூஞ்சியில் துப்புவோம் என்று, மறுநாள் மதியம் எதிர்ச்சாரியில் காத்து நின்றேன்.

கோமதியம்மாள் சோறு கொண்டுவந்தாள். அவன் கை கழுவப் பின்னால் போனான். தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கல்லுப்பும் மிளகும். மரு உதிர வேண்டும் என்று கோயில் குளத்தில் நேர்ந்து போடுவார்களே, அதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் போட்டாள்.

"மைனி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் ஓடி வந்தான். அவன் வாயைத் திறக்குமுன் அவள் கத்தினாள். அந்த அம்மாள் கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

"ஆமா, நாந்தான் போட்டேன்! உப்பு கரையுத மாதிரி ஒங்க கோவம் கரையணும்னு போட்டேன். கோயில் குளத்துலயும் போட்டாச்சு, ஒண்ணும் நடக்கல. இந்தத் தண்ணி முன்னாலதான் நீங்க மனுசனா பேசுதீய. அதான் இங்கன போட்டேன். நத்தைகிட்ட பேசுத பேச்ச எம் புள்ளைகிட்ட ஒரு நாள் பேசியிருந்தா, அவ வரமாட்டேம்பாளா?"

அவன் சோற்றைத் தொடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு சிவகிரி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் வள்ளித்தாய் வந்து இறங்கினாள், தலைவிரி கோலமாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி கடைக்குள் ஓடினாள். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தாயைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"எம்மா, நீ உசுரோடதான் இருக்கியா?"

"எனக்கென்னட்டி?"

"அப்பா வந்து, 'வாம்மா கண்ணு, வீட்டுக்குப் போவோம்'னு மெதுவா சொன்னாவ. நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சுட்டேன். வழியெல்லாம் கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா'ன்னு அதே கொரல்லதான் சொன்னாவ."

அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற நமசிவாயம் எல்லாவற்றையும் கேட்டான். கத்தவில்லை.

பிள்ளை தென்காசியில்தான் பிறந்தது. ஊமச்சியும் இறாலும் மறுபடி நான்தான் கொண்டுபோய் விட்டேன். என் மரத்தைத் தெருவில் எறிந்தானே, அதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிப் பயல். அந்தக் குரலில் சொன்னால், யார் வீட்டில் இழவோ என்று நானும் பதறிப்போவேன் என்று நினைத்திருப்பான்.