கன்னத்தில் துளை

தவராஜா சுவிற்சர்லாந்தின் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினான். எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். இராணுவம் தன் அண்ணனைச் சுட்டதைச் சொல்லி அகதி விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடம் ஆகியும் முடிவு வரவில்லை. கையில் இருந்தது ‘அவுஸ்வைஸ்’ என்ற தற்காலிக அனுமதி அட்டை மட்டுமே. ஒரு மனிதன் உயிரோடு இருக்கலாமா என்ற கேள்வியை ஆறு ஆறு மாதமாக நறுக்கிப் பரிமாறுகிற நாகரிகம் அது. செவ்வாய்க்கிழமை அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, தலைமைச் சமையல்காரரின் மாமனார் வீட்டில் ரயில் விழா. கிழவர் தோட்டம் முழுக்கத் தண்டவாளம் போட்டு, ஆட்கள் ஏறி உட்காரும் சின்ன ரயில் ஓட்டுகிறவர். வருடத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் கதவு திறப்பார்.

“நான் வரேல்லை. படுக்கப்போறன்,” என்றான் தவராஜா.

“செஃப் கூப்பிட்டும் போகாட்டி நாளைக்கு அடிப்பிடிச்ச சட்டியெல்லாம் உனக்குத்தான். எழும்படா மச்சான்,” என்றான் அறையில் கூட இருந்த ஜெகதீஸ்வரன்.

பியர்ப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் பின்வாசலால் போனார்கள். முன்வாசலில் ரயில் ஏற விளையாட்டாக டிக்கெட் கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. சமையல்காரர் தவராஜாவை ஒரு ரயில் பெட்டியில் உட்கார வைத்தார். ரயில்வே தொப்பியும் பித்தளைப் பொத்தான்களுமாகக் கிழவர் வந்து கையை நீட்டினார்.

யாழ்ப்பாணத்தில் சீருடை கையை நீட்டினால் அடையாள அட்டை கொடுக்க வேண்டும். தாமதித்தால் அடி. தாமதிக்காவிட்டாலும் சிலவேளை அடி. தவராஜாவின் கை யோசிக்கவில்லை. அவுஸ்வைஸை எடுத்துக் கொடுத்தது. அடுத்த பெட்டிச் சிறுமியோடு பகிடி விட்டுக்கொண்டிருந்த கிழவர், பார்க்காமலே டிக்கெட் துளைக்கும் குறட்டால் ‘டக்’ என்று துளைத்தார்.

துளை, படத்தில் அவன் கன்னத்தில் விழுந்தது.

“ஐயோ, என்னத்தையடா நீட்டினனீ?” ஜெகதீஸ்வரன் கத்தினான்.

கிழவரின் முகம் வெளிறியது. ரயில் நின்றது. பெரியவர்கள் எல்லோரும் சரளைக்கல்லில் மண்டியிட்டு, துளையிலிருந்து விழுந்த துண்டைத் தேடினார்கள்.

“இந்தா, உன் கன்னம்!” என்று சமையல்காரர் விரல் நுனியை உயர்த்த, கூட்டம் சிரித்தது. கிழவர் பொம்மை வீடு ஒட்டும் பசையில் அதை ஒட்டினார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

தவராஜாவுக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. யாரோ ஒருவரின் படம்போல அதைப் பார்த்தான். ரயில் மறுபடி கிளம்பியபோது இறங்கத் தோன்றாமல், தோட்டத்துச் சின்னக் குகைக்குள்ளும் நுழைந்து ஒரு சுற்றுப் போய் வந்தான்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி அட்டையில் ஒட்டியிருந்த அந்தக் கன்னத்தை விரலால் தடவினார்.

“யார் செய்தது?”

சொன்னான். அதிகாரி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“தோட்ட ரயில்காரரா? குகைக்குள்ளும் ஓடுகிறதாமே?”

“ஓடுகிறது.”

“எவ்வளவு நீளம் அந்தக் குகை?”

தவராஜா கைகளை விரித்துக் காட்டினான். அதிகாரி மகிழ்ந்துபோய் முத்திரையைக் குத்தினார்.

குசினியில் ஜெகதீஸ்வரன் காத்திருந்தான்.

“குடுத்திட்டாங்களோ?”

“ஓம். ஆறு மாசம். குகையைப் பற்றிக் கேட்டான்.”

“அண்ணையைப் பற்றி?”

“கேக்கேல்லை.”

தவராஜா குழாயைத் திறந்தான்.