வாசலில் கிடந்த செருப்பு

“எனக்குப் பதிலா உட்கார ஆள் அனுப்புங்க.”

அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். கேட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அனுபவித்தவள் நான்.

போர்க்காலத்தில் வயல்களைப் பிடுங்கி, சமன்செய்து, அவசரமாகப் போட்ட விமானத்தளம் அது. பதினோரு மாதம்தான் இயங்கியது. இப்போது ஓடுதளம் முழுக்க முட்செடி. மிச்சம் இருப்பது தொலைபேசி அறை மட்டும். பாதி மண்ணுக்குள் புதைந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே இரும்புக் கதவு.

அங்கே கிடந்த பழைய பதிவேடுகளைப் படித்துத் தளத்தின் வரலாற்றை எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்; அந்தப் பட்டம் வாங்கித் தந்த நாற்காலி இது. ஒப்பந்த வேலை. பூட்டும் சாவியும் காவலாளி அண்ணனிடம். அறையைத் திறந்துபோட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. செருப்பு வாசலோடு சரி. கருவிகளில் தூசி படியக் கூடாதென்று அந்தக் காலத்தில் போட்ட விதி, இன்னும் சுவரில் தொங்கியது.

அன்று காலை ஒன்பதிலிருந்து தனியாக இருந்தேன். கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. மணி 4:08. ஆத்திரம் தாங்கவில்லை. சுவரிலிருந்த பழைய தொலைபேசியை எடுத்தேன். அதன் கம்பி அறுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதில்தான் அப்படிக் கத்தினேன்.

தொலைபேசிக்குள்ளே... மூச்சுச் சத்தம்.

“வந்துட்டீங்களா?” ஒரு பெண் குரல். அழுகையும் சிரிப்புமாக. “அப்ப... நான் கிளம்புறேன்.”

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. க்ரீச்...

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

4:10. கதவு திறந்து மூடியது.

ஓடினேன். அதற்குள் வெளியே... டக். பூட்டு.

தட்டினேன். கத்தினேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை.

5:00.

விளக்கு அணைந்தது.

காதருகே யாரோ அழுதார்கள்... நான்தான்.

6:25. டக்.

வாசலில் காவலாளி அண்ணன். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏம்மா... நீ நாலு பத்துக்கே போயிட்டியே! ஓடுதளத்துல நடந்து போனே. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. அதான் பூட்டிட்டுக் கிளம்பினேன்.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“சுத்திப் பாக்க வந்தேன்... உன் செருப்பு இங்கயே கிடக்கேம்மா...”

மறுநாள் அறைக்கு வந்த மேற்பார்வையாளர், நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். “வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு. இன்னும் ஒரு மாசம் உட்காரு. இதே அறைக்கு உன்னை நிரந்தரமாக்குறேன்.”

நிரந்தரம். அப்பா காதில் விழுந்தால் ஊரையே கூட்டிச் சொல்லுவார்.

நான் அதுவரை தொடாத கடைசிப் பதிவேட்டைப் பிரித்தேன். போர் முடிந்ததும் தளத்தை ஒரே நாளில் கலைத்திருக்கிறார்கள். விட்டுப்போன பொருள்களின் பட்டியல் இருந்தது. கடைசி வரி:

‘தொலைபேசி அறை வாசல்: பெண்கள் செருப்பு, ஒரு ஜோடி. யாருடையது எனத் தெரியவில்லை. அறை பூட்டப்பட்டது.’

பதிவேட்டை மேற்பார்வையாளர் முன்னால் விரித்து வைத்தேன்.

“எங்க போறே? உனக்குப் பதிலா யாரு உட்காருவா?”

வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.